'கெட்' என்னும் வினைச்சொல்: பொருள், பூர்வீகம், பினாங்குப் பழக்கம்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மூன்றாம் படிவம் படிக்கும் என் மகள் தைப்பூசத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினாள். அதில் 'கெட்', 'கொட்' என்று வந்த இடங்களையெல்லாம் ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டு, 'வேறு வினை போடு' என்று எழுதிவிட்டார். அகராதியைப் புரட்டினால் அந்தச் சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் போட்டிருக்கிறார்கள். அதன் உண்மையான பொருள்தான் என்ன? எங்கிருந்து வந்தது? எழுதலாமா, கூடாதா?" மகளின் வாக்கியங்கள் சிலவற்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எழுதலாம். வட்டமிட்ட வாக்கியங்களில் இலக்கணப்படி தவறானது ஒன்றே ஒன்றுதான். மற்றவற்றில் பேச்சு நடையா, எழுத்து நடையா என்பதுதான் பிரச்சினை. ஆசிரியை இரண்டுக்கும் ஒரே சிவப்பு மையைச் செலவழித்திருப்பதால் பிள்ளை குழம்பியிருக்கிறாள்.

அகராதியில் உள்ள அத்தனை பொருளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அடியில் இருப்பது ஒரே கருத்து. என்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் வந்து சேர்கிறது. அல்லது நான் இல்லாத ஓர் இடத்துக்கோ நிலைக்கோ நான் போய்ச் சேர்கிறேன். பரிசு வந்து சேர்ந்தாலும் 'கெட்', காய்ச்சல் வந்து சேர்ந்தாலும் 'கெட்', வீடு போய்ச் சேர்ந்தாலும் 'கெட்', கோபத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் 'கெட்'. இந்த வினையைப் பார்த்து நாம் மலைப்பதற்குக் காரணம், தமிழ் இந்த வேலையைப் பல வினைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருப்பதுதான்.

பூர்வீகத்தைச் சொல்லிவிட்டு அந்தப் பங்கீட்டுக்கு வருகிறேன். இங்கிலாந்துக்குக் கப்பலேறி வந்த சொல் இது. 793ஆம் ஆண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கடலோடிகளான வைக்கிங்குகள் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைச் சூறையாடினார்கள். பிறகு கொள்ளையடிக்க வந்தவர்கள் குடியேறிகளானார்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஊர் அமைத்து, பெண் எடுத்து, பெண் கொடுத்து வாழ்ந்தார்கள். 1016இல் டென்மார்க் அரச குடும்பத்துக் கனூட் இங்கிலாந்துக்கே மன்னரானார். வானத்துக்கான 'ஸ்கை', சன்னலுக்கான 'விண்டோ', கணவனுக்கான 'ஹஸ்பண்ட்', எடுப்பதற்கான 'டேக்', ஏன், 'அவர்கள்' என்பதற்கான 'தே'கூட அவர்கள் விட்டுச் சென்றவையே. அந்த வரிசையில் 'கெட்' சொல்லின் தாய் 'கெடா' என்னும் வினை; அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியைச் சேர்ந்தது. ஆங்கில எழுத்துகளில் அது 1200 வாக்கில் தலைகாட்டுகிறது.

இது வெளியூர்ச் சொல் என்பதற்கு அதன் முதலெழுத்தே சாட்சி. பழைய ஆங்கிலத்தில் 'எ', 'இ' போன்ற உயிர்களுக்கு முன்னால் வந்த 'க' ஒலி தேய்ந்து 'ய' ஆகிவிட்டது. மஞ்சள் நிறம் ஜெர்மன் மொழியில் 'கெல்ப்', ஆங்கிலத்தில் 'யெல்லோ'. உள்ளூரிலேயே பிறந்திருந்தால் 'கெட்' இன்று 'யெட்' என்றுதான் ஒலித்திருக்க வேண்டும். முட்டைக்கும் இதே கதைதான். நார்ஸ்காரர்களின் சொல் 'எக்', உள்ளூர்ச் சொல் 'அய்'; அதன் பன்மை 'அய்ரன்'. இங்கிலாந்தில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490இல் எழுதிய ஒரு முன்னுரையில் ஒரு சம்பவம் வருகிறது. காற்றில்லாமல் கப்பல் நின்றுவிட, கரையிறங்கிய வணிகர் ஒருவர் கென்ட் பகுதியில் ஒரு பெண்ணிடம் 'எக்ஸ்' கேட்கிறார். "எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்கிறாள் அவள். அவருக்கும் பிரெஞ்சு தெரியாது; கோபம் வந்துவிடுகிறது. இன்னொருவர் குறுக்கிட்டு 'அய்ரன்' என்றதும்தான் அவளுக்கு விளங்குகிறது. பிற்பாடு 'எக்' வென்றது, 'கெட்' வென்றது, உள்ளூர் உச்சரிப்புகள் மறைந்தன.

உள்ளூர் ஆங்கிலத்திலும் இதே வேரிலிருந்து வந்த வினை இருந்தது. ஆனால் தனியாக வராமல் முன்னொட்டுடன் ஒட்டிக்கொண்டே வரும். அவற்றில் இரண்டு இன்றும் வாழ்கின்றன: 'பிகெட்', 'ஃபர்கெட்'. பிள்ளை பெறுவதே 'பிகெட்'. கையில் பிடித்திருந்ததை நழுவவிடுவதே 'ஃபர்கெட்', அதாவது மறத்தல். லத்தீனில் இதே மூலவேரின் கிளை 'ப்ரெஹெண்டெரெ', பற்றிப் பிடி என்று பொருள். சிறைக்கான 'பிரிசன்', புரிந்துகொள்வதற்கான 'காம்ப்ரிஹெண்ட்' எல்லாம் அதன் வழி வந்தவை. ஆகவே ஒரு மாணவன் 'ஐ கெட் இட்' என்று சொல்வதும், அவனுடைய ஆசிரியர் 'ஐ காம்ப்ரிஹெண்ட்' என்று சொல்வதும் வேர் அளவில் ஒரே சொல்தான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய நார்ஸில் 'கெடா'வுக்கு அடைதல் என்று ஒரு பொருள், பிள்ளை பெறுதல் என்று ஒரு பொருள், இயலுதல் என்று ஒரு பொருள். முதல் இரண்டையும் ஒரே வினையில் வைத்திருக்கும் இன்னொரு மொழி நம் வீட்டிலேயே இருக்கிறது. பரிசு பெற்றாள், பிள்ளை பெற்றாள். அதனால்தான் தாய் தந்தையர் பெற்றோர், அதனால்தான் மகப்பேறு. 'பெறுமவற்றுள் யாமறிவ தில்லை' என்று தொடங்கும் 61ஆம் குறளில் வள்ளுவர் 'பெறுமவை' என்று ஆரம்பித்து 'மக்கட்பேறு' என்று முடிப்பது இந்த இரட்டைப் பொருளை வைத்துத்தான். ஆங்கில விவிலியத்தின் 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில், மத்தேயு நற்செய்தியின் தொடக்கத்தில், ஆபிரகாம் ஈசாக்கை 'பிகாட்' என்று வருகிறது. பழைய தமிழ் விவிலியத்தில் அதே வரி 'ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்'. மொழிபெயர்ப்பாளர் எங்கும் தேடி அலைந்திருக்க மாட்டார். சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலம் 'கெட்' வினையைச் செயப்பாட்டு வினைக்கும் துணையாகப் பயன்படுத்தத் தொடங்கியது. தமிழும் 'பெறு'வை அதே வேலைக்கு வைத்திருக்கிறது: எழுதப்பெற்றது, நிறுவப்பெற்றது, அழைக்கப்பெற்றார். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வினையை ஒரே பாதையில் நடத்திச் சென்றிருக்கின்றன. 'இயலும்' என்ற மூன்றாம் பொருளைத் தேடினால் மலாய்க்குப் போக வேண்டும். 'டாபாட்' என்றால் கிடைத்தல். முடியும் என்பதும் அதுவே. வருமானத்துக்கு 'பெண்டாபாத்தான்' என்கிறார்களே, அது இதிலிருந்து பிறந்ததுதான். ஐஸ்லாந்து மொழியில் 'கெடா' இன்றும் 'முடியும்' என்றே வாழ்கிறது. ஆங்கிலத்திலும் அதன் நிழல் உண்டு: 'ஐ கொட் டு சீ இட்' என்றால் 'பார்க்க வாய்த்தது'.

இனித் தமிழின் பங்கீடு. சௌரஸ்தா சந்தையில் மீன் வாங்கினேன். வேலை கிடைத்தது. பட்டம் பெற்றேன். காய்ச்சல் வந்தது. நான்குக்கும் ஆங்கிலம் 'கொட்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். நாம் அப்படி விடமாட்டோம். நான் போய் எடுத்தேனா, அது தானாக வந்ததா, தகுதியால் வந்ததா, தலையெழுத்தால் வந்ததா என்று வினையிலேயே கணக்குத் தீர்த்துவிடுவோம். கிடைப்பதற்கும் காய்ச்சலுக்கும் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கிக்கொள்வோம். ஆங்கிலத்திலோ, ஒன்றுமே செய்யாமல் படுத்துக்கிடந்து காய்ச்சல் வாங்கியவரும் 'ஐ' என்று எழுவாய் நாற்காலியில் அமர்ந்துவிடலாம். ஆகவே 'கெட்' என்பதற்குத் தமிழில் ஒரு சொல் சொல்லுங்கள் என்று பிள்ளை கேட்டால், 'முழு வாக்கியத்தையும் சொல்' என்று திருப்பிக் கேளுங்கள்.

நிலை மாற்றத்துக்கு நம்மிடம் 'ஆகு' உண்டு. தன் மீதே திரும்பும் செயலுக்குக் 'கொள்' உண்டு. திருமணம் செய்துகொள், உடுத்திக்கொள், மாட்டிக்கொள். மூன்றுமே ஆங்கிலத்தில் 'கெட்' வகைதான். பிறரைக் கொண்டு செய்விப்பதும் அப்படித்தான். இங்கே நம் பிள்ளைகள் அடிக்கடி சறுக்குகிறார்கள். முடிதிருத்தும் கடைக்குப் போய்வந்து 'ஐ கட் மை ஹேர்' என்கிறார்கள். மலாயிலும் அப்படிச் சொல்லலாம், தமிழிலும் 'முடி வெட்டினேன்' என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலக்காரர் மட்டும் இவன் கண்ணாடி முன் நின்று தானே கத்தரித்துக்கொண்டான் என்று நினைத்துக்கொள்வார். 'ஐ கொட் மை ஹேர் கட்' என்பதே சரி.

செயப்பாட்டு வினைக்குத் திரும்புகிறேன். அங்கே நம் ஊர்ச் சுவை ஒன்று இருக்கிறது. 'கொட் ஸ்கோல்டட்' என்பதற்கு எழுத்துத் தமிழில் 'ஏசப்பட்டான்' என்று எழுதலாம். ஆனால் வீட்டில் 'ஏச்சு வாங்கினான்' என்கிறோம். அடி வாங்கினான், திட்டு வாங்கினான். காசு கொடுக்காமல் வாங்குகிற பண்டங்கள் இவை. மலாய்க்காரர் இதற்கு 'கெனா' என்பார்: கெனா மாரா, கெனா திப்பு, கெனா சமான். ஏச்சு வாங்கினான், ஏமாந்தான், அபராதம் வாங்கினான். பெரும்பாலும் வேண்டாத காரியங்களுக்கே 'கெனா' வரும். ஆங்கில 'கெட்' அவ்வளவு கறார் இல்லை. பதவி உயர்வுக்கும் வரும், வேலை போனதற்கும் வரும். ஆனாலும் தொல்லை பக்கமே கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. தமிழில் நடை பார்த்து எழுதுபவர்கள் நல்லதற்குப் 'பெறு', கெட்டதற்குப் 'படு' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்: விருந்துக்கு அழைக்கப்பெற்றார், சிறையில் அடைக்கப்பட்டார். 'கெனா'வுக்கு இன்னொரு முகமும் உண்டு. 'கெனா பாயார்' என்றால் கட்டியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் 'ஐ ஹாவ் கொட் டு பே' என்பதும் அதேதான்.

அந்த 'ஹாவ் கொட்' எப்படி வந்தது? முதலில் அதற்கு 'நான் அடைந்திருக்கிறேன்' என்றே பொருள். அடைந்தவனிடம் பொருள் இருக்கத்தானே செய்யும்? நாளடைவில் 'என்னிடம் இருக்கிறது' என்பதே பொருளாகிவிட்டது. 'கொட்டன்' என்ற பழைய வடிவத்தைப் பிரிட்டன் ஏறக்குறைய கைவிட்டுவிட்டது. 'ஃபர்கொட்டன்', 'இல்-கொட்டன்' போன்ற கூட்டுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கா அதை விடவில்லை. விடாததால் அங்கே ஒரு நுட்பமான வேறுபாடு கிடைத்திருக்கிறது. அமெரிக்கர் 'ஐ ஹாவ் கொட் எ கார்' என்றால் கார் இருக்கிறது. 'ஐ ஹாவ் கொட்டன் எ கார்' என்றால் புதிதாக வாங்கியிருக்கிறார். படங்களைப் பார்த்துவிட்டு மகள் 'கொட்டன்' என்று எழுதினால் அது பிழை அல்ல. ஆனால் நம் பள்ளிகள் பிரிட்டன் வழக்கில் வந்தவை. ஒரு கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது.

மலேசியர் வாயில் புழங்கும் 'கொட்' தனிக்கதை. சாப்பாட்டுக் கடையில் 'கொட் சிக்கன்?' என்று கேட்கிறோம். பெறுவது, அடைவது எதுவும் இதில் இல்லை. இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. மலாயில் 'அடா', பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியனில் 'ஊ', தமிழில் 'இருக்கிறது'. மூன்று மொழியிலும் உடைமைக்கும் இருப்புக்கும் ஒரே வினை. 'எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்', 'கடையில் கோழி இருக்கிறது.' மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே தெருவில் கூடி ஆங்கிலம் பேசியபோது, அந்த வேலைக்கு 'கொட்' மாட்டிக்கொண்டது. மறுத்துப் பேசும் 'வேர் கொட்?' என்பது மலாயின் 'மானா அடா' அச்சு அசலாக. 'ஐ கொட் கோ' என்று நண்பர் சொன்னால் 'போயிருக்கிறேன்' என்று பொருள். பின்னால் நிற்பது ஹொக்கியனின் 'ஊ'. நம் 'போயிருக்கிறேன்' என்பதிலும் 'இரு' ஒளிந்திருப்பதால் நமக்கு அது அந்நியமாகப் படுவதில்லை. இதைக் கேவலமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தெருவில் அது தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறது. தேர்வுத் தாளில் மட்டும் அதற்கு இடமில்லை. அங்கே இருப்பைச் சொல்ல 'தேர் இஸ்', 'தேர் ஆர்' வேண்டும்.

சரி, ஆசிரியர்களுக்கு ஏன் இந்தச் சொல் மீது இத்தனை பகை? பினாங்கில் ஆங்கிலப் பள்ளிக்கு நீண்ட வரலாறு உண்டு. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816இல் தொடங்கியது. என் ஆசிரியர்களும் 'கெட், நைஸ் இரண்டையும் கட்டுரையில் பார்த்தால் அடித்துவிடுவேன்' என்று மிரட்டியவர்களே. இதற்கு வேர் 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்ததில் இருக்கிறது. அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு அமர்ந்தது. அதன் வழியாகவும் லத்தீன் வழியாகவும் 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'அக்வயர்' எல்லாம் வந்து சேர்ந்து மரியாதைச் சொற்களாகிவிட்டன. பழைய குடியான சொற்கள் சமையலறையிலேயே தங்கிவிட்டன. நமக்கு நிலைமை தலைகீழ். நம் 'பெறு' வேட்டி கட்டி மேடையேறுகிற சொல். அவர்களின் 'கெட்' கைலியோடு வீட்டுக்குள் உலவுகிற சொல். இது தெரியாமல் 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன்' என்பதை 'ஐ கொட் யுவர் லெட்டர்' என்று பெயர்த்தால், பொருள் சரியாக இருக்கும், மரியாதை காணாமல் போயிருக்கும். அலுவலகக் கடிதத்துக்கு 'ரிசீவ்ட்' போடுவதுதான் முறை. அந்த அளவில் ஆசிரியை சொல்வது நியாயம். ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பெண் குடும்பத்தோடு தைப்பூசத்துக்குப் போய்வந்ததை எழுதும்போது 'அப்டெய்ன்ட்' என்றும் 'அக்வயர்ட்' என்றும் எழுதினால் படிப்பவர் சிரிப்பார்.

மகளின் வாக்கியங்களுக்கு வருவோம். 'வி கொட் அப் அட் ஃபோர்' அப்படியே இருக்கட்டும். 'வோக்' என்பது கண் விழிப்பது; 'கொட் அப்' படுக்கையை விட்டு எழுவது. அதிகாலை நான்கு மணிக்கு இரண்டும் ஒன்றல்ல என்பது பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும்.

'வி கொட் இன் த பஸ்' என்பதை 'கொட் ஆன்' என்று திருத்துங்கள். எழுந்து நின்று நடமாடக்கூடிய பஸ், ரயில், பெர்ரிக்கு 'ஆன்'. குனிந்து நுழைந்து உட்காரும் கார், டாக்சிக்கு 'இன்'. இறங்கும்போது பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' என்று நாம் சொல்வது தமிழின் 'இறங்கு', மலாயின் 'துருன்' இரண்டின் நிழல். ஆங்கிலக்காரர் 'கெட் ஆஃப்' என்பார். இது சின்னத் திருத்தம். இதை நான் பிழைக் கணக்கில் சேர்க்கவில்லை.

'கொட் மெனி பீப்பிள் அட் த டெம்பிள்.' நான் சொன்ன அந்த ஒரே பிழை இதுதான். 'தேர் வேர் மெனி பீப்பிள்' என்று மாற்ற வேண்டும்.

'மை அங்கிள் கொட் எ சம்மன்.' முருகன் கோவில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் சாலையோரத்தில் காரை நிறுத்திய மாமாவைப் பற்றியது. இங்கே 'கொட்' பிரச்சினை அல்ல, 'சம்மன்'தான் பிரச்சினை. நமக்கு அது போக்குவரத்து அபராதச் சீட்டு; வெளிநாட்டார் படித்தால் மாமாவை நீதிமன்றத்துக்கு இழுத்துவிட்டார்கள் என்று நினைப்பார். 'வாஸ் ஃபைன்ட் ஃபார் பார்க்கிங்' என்று எழுதினால் தெளிவு.

'மை பிரதர் கொட் லாஸ்ட் நியர் எ பந்தல்.' இதைத் தொடவே கூடாது. 'வாஸ் லாஸ்ட்' என்றால் தம்பி காணாமல் போன நிலையில் இருந்தான், அவ்வளவுதான். 'கொட் லாஸ்ட்' என்றால் ஒரு நொடிக்கு முன்பு கையைப் பிடித்திருந்தான், இப்போது இல்லை. அம்மாவின் படபடப்பு அந்த 'கொட்'டில்தான் இருக்கிறது.

'வி கொட் ஃப்ரீ ஃபுட்' என்பதை மாற்றச் சொல்வேன், வேறு காரணத்துக்காக. வெயிலில் நின்று மோரும் சோறும் கொடுத்தவர்கள் இந்த வாக்கியத்தில் காணப்படவில்லை. 'வாலண்டியர்ஸ் கேவ் அஸ்' என்று கொடுத்தவர்களை எழுவாயாக்கினால் கட்டுரையும் உயரும்.

'ஐ கொட் டு சீ த சில்வர் சாரியட்.' பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும் வெள்ளி ரதத்தைக் கூட்டத்துக்குள் நின்று பார்த்திருக்கிறாள். ஆசிரியை இதற்கு 'வாஸ் ஏபிள் டு' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அது 'பார்க்க முடிந்தது' என்கிற வறண்ட தகவல். 'கொட் டு' என்பதில் 'பார்க்கக் கொடுத்துவைத்தது' என்ற மகிழ்ச்சி இருக்கிறது. மகள் எழுதியதே மேல்.

'வி கொட் ஹோம் அட் மிட்நைட்.' இதுவும் இருக்கலாம். 'ரீச்ட் ஹோம்' என்று மாற்ற விரும்பினால் அதுவும் சரியே. நம் பக்கத்தில் அதுதான் அதிகம் புழங்குகிறது. 'ரீச்ட் டு ஹோம்' என்று இடையில் ஒரு 'டு' மட்டும் செருகிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.